ஒளிந்து விளையாடும் கம்பி

பழைய மோட்டார் கார்களிடம் பிரியம் வைத்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எஞ்சின் ஓடினால் போதும் என்று அவர்களால் சும்மா இருக்க முடியாது. கதவைத் திறந்தால் உள்ளே சின்ன விளக்கு எரிய வேண்டும். கடியாரம் சரியான மணி காட்ட வேண்டும். ரேடியோவைத் திருகினால் டிக்கியின் ஓரத்திலிருந்து ஏரியல் கம்பி தானாகவே மெல்ல எழுந்து நிற்க வேண்டும். இந்தக் கடைசி ஆசைதான் அவர்களைப் படாத பாடு படுத்துகிறது. நாற்பது வயதான காரில் மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்தக் கம்பி மட்டும் பாதியில் நின்றுவிடும், அல்லது உள்ளேயே கிடந்து 'கர்ர்' என்று முனகும்.

"இதற்கு இவ்வளவு பாடா? சாதாரணக் கம்பி ஒன்றை நட்டுவைத்தால் பாட்டுக் கேட்காதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கும், நன்றாகவே கேட்கும். அப்படியிருக்க, மோட்டார் வைத்து ஏற்றி இறக்கும் கம்பி எதற்காக வந்தது? அது ரேடியோக்காரர்களுக்கும் கார்க்காரர்களுக்கும் நடந்த ஒரு பழைய சண்டையின் விளைவு.

சண்டையின் மூலத்தைத் தேடினால் ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூஹே நகரத்துக்குப் போக வேண்டும். 1880-களின் பிற்பகுதியில் ஹெர்ட்ஸ் என்ற பேராசிரியர் அங்கே இரண்டு உலோகக் குண்டுகளுக்கு நடுவே மின்பொறி தெறிக்கச் செய்தார். சற்றுத் தள்ளி, வளையமாக வளைத்த கம்பி ஒன்று தொடர்பில்லாமல் இருந்தது. அதன் சிறிய இடைவெளியிலும் பொறி தெறித்தது. ரேடியோ அலை என்பது மெய்யாகவே உண்டு என்று உலகத்துக்குத் தெரிந்தது அப்போதுதான். 1895-ல் இத்தாலியில் மார்க்கோனி ஒரு கம்பியை உயரமாக நிறுத்தி அலைகளை இன்னும் வெகுதூரம் அனுப்பினார். நாம் ஏரியல் என்று சொல்வதை ஆன்டெனா என்றும் சொல்கிறார்களே, அந்த வார்த்தைக்கு லத்தீனில் கப்பலின் பாயைத் தாங்கும் மரம் என்று பொருள். பூச்சிகளின் மீசைக்கும் அதே பெயர்தான். இரண்டு பொருளும் நம் கதைக்குப் பொருத்தமாகவே இருக்கின்றன.

இனி ஹெர்ட்ஸின் பொறியைப் பெட்ரோல் எஞ்சினில் பாருங்கள். ஸ்பார்க் பிளக் என்பது என்ன? உலோக முனைகளுக்கு நடுவே தெறிக்கும் மின்பொறிதான். ஆக, ஓடுகிற ஒவ்வொரு காரும் ஹெர்ட்ஸின் சோதனைச்சாலை. நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை ரேடியோ அலையை நாலா பக்கமும் வாரியிறைக்கும் ஒலிபரப்பு நிலையம். அதற்குள்ளேயே ரேடியோப் பெட்டியை வைத்தால் சங்கீதமா கேட்கும்? சட்டியில் கடுகு வெடிக்கிற சத்தம்தான் கேட்கும்.

அமெரிக்காவில் டெட்ராய்ட் நகரத்துப் போலீஸார் 1928-லேயே ரோந்து கார்களில் ரேடியோ வைத்துவிட்டார்கள். ஆனால் சாதாரணக் குடும்பஸ்தனின் காருக்கு அதைக் கொண்டுவந்த பெருமையில் பெரும் பங்கு சிக்காகோவில் கால்வின் சகோதரர்கள் நடத்திய சின்னக் கம்பெனியைச் சேர்ந்தது. 1928-ல் தொடங்கிய கம்பெனி. அடுத்த வருஷமே அமெரிக்காவின் பங்கு மார்க்கெட் சரிந்து ஊரெல்லாம் ஓலமிட்டது. வீட்டு ரேடியோ விலை போகாத அந்த வேளையில் பால் கால்வின் கார் ரேடியோவில் கையை வைத்தார். 1930-ல் அட்லாண்டிக் சிட்டியில் ரேடியோ உற்பத்தியாளர்கள் மகாநாடு கூடியது. உள்ளே கடை போட வசதியில்லாததால், தம்முடைய ஸ்டூடிபேக்கர் காரை வாசலிலேயே நிறுத்தி, போகிறவர் வருகிறவர் காதில் பாட்டு விழும்படி வைத்தார் மனிதர். மோட்டாரையும், அந்நாளில் 'ஓலா' என்று முடிந்த இசைப்பெட்டிப் பெயர்களையும் சேர்த்து அந்த ரேடியோவுக்கு 'மோட்டரோலா' என்று பெயர் வைத்தார். 1947-ல் கம்பெனியின் பெயரே அதுவாகிவிட்டது. அதற்கு முன்னால் கடன் கேட்கப் போன இடத்தில் ஒரு பாங்குக்காரரின் பாக்கார்டு காரில் ரேடியோவைப் பொருத்திக் காட்டினாராம். அரை மணியில் கார் தீப்பற்றிக்கொண்டதாம். கதை சற்று மெருகேறியிருக்கலாம். ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

விலை 110 டாலரிலிருந்து 130 டாலர் வரை. சுமார் 500 டாலருக்குப் புது ஃபோர்டு காரே கிடைத்த காலம் அது! ஐரோப்பாவிலும் இதே நிலைமைதான். பிற்காலத்தில் பிளாபுங்க்ட் என்று பெயர் பெற்ற பெர்லின் கம்பெனி 1932-ல் வெளியிட்ட கார் ரேடியோவின் விலை 465 மார்க்.

பொறியின் சத்தத்தை அடக்க ஒவ்வொரு பிளக்கிலும் மின்தடை வைத்தார்கள். ஒயர்களுக்கு உறை போட்டார்கள். அது ஒருவாறு தீர்ந்தது. ஏரியலை எங்கே வைப்பது? நம் வீடுகளில் மொட்டை மாடியில் இரண்டு மூங்கில் கழிகளை நட்டு, நடுவே கம்பி கட்டிய காலம் பெரியவர்களுக்கு நினைவிருக்கும். காருக்கு மொட்டை மாடி ஏது? இருந்தது என்பதுதான் வேடிக்கை. அந்தக் காலத்துக் கார்களுக்குக் கூரை முழுவதும் இரும்பல்ல. அவ்வளவு அகலமான தகட்டை உருட்டித் தர ஆலைகளால் முடியவில்லை. ஆகவே மரச்சட்டம் அடித்து, அதன்மேல் கோழிக்கூண்டு வலையை விரித்து, பஞ்சு பரப்பி, ரப்பர் பூசிய துணியால் மூடினார்கள். ரேடியோக்காரர்களுக்கு அந்த வலை தெய்வம் கொடுத்த ஏரியலாக வாய்த்தது. காரின் உடம்பில் படாமல் அதன் ஓரங்களை வெட்டிவிட்டு, ஒரு ஒயரை இழுத்து இணைத்துக்கொண்டார்கள். வெளியே ஒரு கம்பியும் தெரியாது. யாருக்கும் மனக்குறையில்லை.

இந்தச் சௌகரியம் நாலைந்து வருஷம்கூட நிலைக்கவில்லை. 1935-ஆம் வருஷத்து மாடல்களில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி முழு இரும்புக் கூரையைப் புகுத்தியது. மழை ஒழுகாது, உருண்டால் நசுங்காது, எல்லோரும் கொண்டாடினார்கள். என்னைக் கேட்டால், கார் ரேடியோவின் சரித்திரத்தில் இதைவிடப் பெரிய சம்பவம் கிடையாது. ரேடியோ அலைக்கு இரும்பு ஒரு கோட்டைச் சுவர். மனிதனுக்குப் பந்தோபஸ்து செய்த அதே தகடு, சங்கீதத்தை வாசலிலேயே நிறுத்திவிட்டது!

துரத்தப்பட்ட ஏரியல் முதலில் காலடிக்குப் போயிற்று. காரில் ஏறக் கால் வைக்கும் படிப்பலகைக்கு அடியில் கம்பியைக் கட்டினார்கள். சேறும் பனியும் அப்பி அது துருப்பிடித்தது. சில வருஷங்களில் படிப்பலகையே நாகரிகத்திலிருந்து மறைந்தது. பிறகு வேறு வழியில்லாமல் கம்பி வெளியே வந்து, மட்கார்டின்மேல் கொடிக்கம்பம்போல் நின்றது. வளவளவென்று வழித்துவிட்ட காரின் அழகுக்கு அது திருஷ்டிப் பரிகாரம். அத்துடன் மரக்கிளை, தாழ்வான ஷெட், தெருப் பையன்கள் என்று அதற்குச் சத்துருக்கள் ஏராளம். நம் ஊர் அம்பாஸடர்களிலும் ஃபியட்டுகளிலும் கையால் இழுத்து நீட்டும் கம்பியை ஒடித்துக்கொண்டு ஓடின வீரர்கள் எத்தனை பேர்!

எனவே வேண்டும்போது வெளியே வா, வேண்டாதபோது மறைந்துகொள் என்று கம்பிக்குக் கட்டளையிடும் யோசனை பிறந்தது. 1940-களில் சில அமெரிக்கக் கார்களில் எஞ்சின் காற்றை உறிஞ்சும் சக்தியைக் குழாய் வழியே கொண்டுவந்து அதனால் கம்பியை நகர்த்தினார்கள். பின்னர் சிறிய மின்சார மோட்டார் அந்த வேலைக்கு வந்தது. ஜெர்மனியில் ஹிர்ஷ்மான், ஜப்பானில் ஹராடா போன்ற கம்பெனிகள் இதில் கைதேர்ந்தவை. 1980-களில் விலையுயர்ந்த கார் என்பதற்கு அந்தக் கம்பி எழுகிற காட்சியே அத்தாட்சி. எதிர்வீட்டுக்காரர் பார்க்கும்படி ரேடியோவைப் போட்டவர்கள் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

கம்பி எவ்வளவு நீளம் வேண்டும் என்பதற்கும் கணக்கு உண்டு. எஃப்.எம். ஒலிபரப்பின் அலை ஏறக்குறைய 3 மீட்டர் நீளம்; அதில் கால் பங்கு, அதாவது 75 சென்டிமீட்டர், கம்பிக்கு உத்தமமான அளவு. ஏ.எம். என்கிற மத்திய அலைக்கோ நீளம் சுமார் 300 மீட்டர். கால் பங்கு வேண்டுமானால் கோயில் கோபுரத்தைத்தான் காரில் கட்டிக்கொள்ள வேண்டும்! அதனால் அங்கே கணக்கு வேறு: கம்பி எவ்வளவு உயரமோ அவ்வளவு லாபம்.

இதன் உட்புறத்தை நான் பார்த்தது சென்னை புதுப்பேட்டையில், ஒரு சிநேகிதரின் பழைய ஜெர்மன் காருக்குத் துணையாகப் போனபோது. மெக்கானிக்குக்கு அறுபது வயதிருக்கும். ரேடியோவைப் போடச் சொல்லிவிட்டு மட்கார்டில் காதை வைத்துக் கேட்டார். உள்ளே மோட்டார் சுற்றிற்று, கம்பி அசையவில்லை.

"பாய், மொத்தமா மாத்திடணுமா?" என்று சிநேகிதர் கவலையோடு கேட்டார்.

"மோட்டாருக்கு ஒண்ணுமில்லே ஸார். சரடு போயிடுச்சு."

சரடு என்பதுதான் இந்த யந்திரத்தின் உயிர்நாடி. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் உலோகக் குழாய்களின் நுனியிலிருந்து, ஒருபக்கம் பல் வெட்டிய நைலான் சரடு உள்ளே இறங்குகிறது. மோட்டாரின் சக்கரம் பல்லைப் பிடித்துத் தள்ளினால் கம்பி எழும். இழுத்தால் இறங்கி, சரடு ஒரு கூட்டுக்குள் சுருண்டுகொள்ளும். உலோகம் அப்படியே இருக்கும். நைலானோ வெயிலிலும் வயதிலும் காய்ந்து ஒரு நாள் பட்டென்று முறியும். எழுந்து நிற்கும் கம்பியை யாராவது கையால் அழுத்தி மூட முயன்றால் இன்னும் சீக்கிரம் முறியும். கார் கழுவும் இடத்தில் ரேடியோவை அணைக்க மறந்தால் அன்றைக்கே முடிந்தது.

சரடு அறாமல் கம்பி மட்டும் வளைந்திருந்தால் வேலை சுலபமாம். மேலே உள்ள நட்டைக் கழற்றி ரேடியோவைப் போட்டால், மோட்டாரே பழைய கம்பியைச் சரடோடு வெளியே துப்பிவிடும். புதுச் சரட்டின் பல்லைச் சரியான பக்கம் திருப்பி உள்ளே விட்டு, ரேடியோவை அணைத்தால் தானே இழுத்துக்கொள்ளும். இங்கே சரடு அறுந்துபோனதால் பெட்டியையே வெளியில் எடுக்க வேண்டியிருந்தது. மூடியைத் திறந்ததும் சேமியா நொறுங்கினாற்போல் நைலான் துண்டுகள். பாய் ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். பிறகு அடியிலுள்ள சின்ன ரப்பர் குழாயை ஊதிப் பார்த்தார். மழைநீர் வடிகிற வழியாம் அது. அடைத்துக்கொண்டால் தண்ணீர் தேங்கி மோட்டார் துருப்பிடிக்கும். திரும்பப் பூட்டுமுன், அடிப்பாகம் காரின் இரும்பைத் தொடும் இடத்தை உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்தார்.

"இங்கே பெயிண்டோ துருவோ இருந்தா ஸ்டேஷன் வராது ஸார், இரைச்சல்தான் வரும். கம்பிக்குக் கிரீஸ் போட்றாதீங்க. தூசி ஒட்டிக்கும். துணியால தொடைச்சாப் போதும்."

சிநேகிதர் ரேடியோவைப் போட்டார். கம்பி எழுந்தது. உச்சியில் சக்கரம் வழுக்கி 'டக் டக்' என்றது, நின்றது. தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கார்க் கம்பெனிகள் இந்தத் தொல்லையை வெகுநாள் பொறுக்கவில்லை. 1969-ஆம் வருஷத்துப் போண்டியாக் கிராண்ட் ப்ரீ காரில் மெல்லிய கம்பியை முன்கண்ணாடிக்குள்ளேயே பதித்தார்கள். பார்வைக்கு அழகு, காதுக்கு மட்டம். பிறகு பின்கண்ணாடி, அதற்கும் பிறகு கூரையின்மேல் சுறாமீன் துடுப்பு. உள்ளே சிறிய ஏரியல். போதாததற்கு ஒலியைப் பெருக்கும் கருவி. எஃப்.எம்.முக்கும் செயற்கைக்கோளுக்கும் அது போதும். மத்திய அலைக்கு அது வாமனன்; ஆனால் உலகளக்கத் தெரியாத வாமனன்.

கடைசியில் பழைய சண்டையே திரும்பி வந்தது. மின்சாரக் காரில் ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆனால் மோட்டாருக்கு மின்சாரத்தை வெட்டி வெட்டி அனுப்பும் கருவிகள், மத்திய அலையில் அதே கடுகு வெடிக்கும் சத்தத்தைக் கிளப்புகின்றன. கால்வின் தலையைப் பிய்த்துக்கொண்டு அடக்கின சத்தம்! அடக்குவதற்குச் செலவாகும் என்று பல கம்பெனிகள் தங்கள் மின்சாரக் கார்களிலிருந்து ஏ.எம். ரேடியோவையே எடுத்துவிட்டன. ஃபோர்டு கம்பெனி 2024-ஆம் வருஷத்துப் புது மாடல்களில் அநேகமாக எல்லாவற்றிலிருந்தும் எடுக்க இருந்தது. அமெரிக்காவில் புயல், தீ முதலிய ஆபத்துக் காலங்களில் அரசாங்கத்தின் எச்சரிக்கை நெடுந்தூரம் போவது இந்த அலையில்தான். கிராமத்துக்காரர்களும் சட்டசபைக்காரர்களும் கூச்சலிட்டார்கள். எல்லாக் கார்களிலும் ஏ.எம். இருந்தே தீரவேண்டும் என்று ஒரு மசோதாவும் வந்தது. 2023 மே மாதம் ஃபோர்டு தன் முடிவை மாற்றிக்கொண்டது. ஏற்கனவே ஏ.எம். இல்லாமல் விற்றுவிட்ட இரண்டு மின்சாரக் கார்களுக்குக்கூட அதைத் திருப்பித் தருவதாகச் சொன்னது.

மத்திய அலைக்கு இன்னொரு குணம் உண்டு. பகலில் பக்கத்து ஜில்லாவைத் தாண்டச் சிரமப்படுகிற நிலையம், பொழுது சாய்ந்தால் வானத்தின் மேல்தட்டில் மோதித் திரும்பி நூற்றுக்கணக்கான மைல் போகும். அதைப் பிடிக்க உயரமான கம்பியும் இரைச்சலில்லாத இடமும் வேண்டும். சிநேகிதர் இப்போதெல்லாம் இரவுச் சாப்பாடு முடிந்ததும் எஞ்சினைக் கிளப்பாமலே காரில் போய் உட்கார்ந்து, ரேடியோவைத் திருகுகிறார்.