நூறாவது ஆண்டில் ஒரு தோல்வி

2021 செப்டம்பரில் மலேசிய சூப்பர் லீக் முடிந்தபோது பட்டியலில் 12 குழுக்கள். பேராக் 11வது இடம். கடைசி இரண்டு குழுக்கள் பிரீமியர் லீக்குக்கு இறங்க வேண்டும் என்பது விதி. 2004ல் சூப்பர் லீக் தொடங்கியதிலிருந்து ஒருமுறைகூட இறங்காத பேராக் அந்த ஆண்டு இறங்கியது.

பெருந்தொற்றுக் கட்டுப்பாட்டால் அந்தப் பருவத்தின் பெரும்பகுதி ரசிகர்கள் இல்லாமலேயே நடந்தது. 1965ல் திறக்கப்பட்ட ஈப்போ பேராக் அரங்கம் பல்லாயிரம் பேர் உட்காரக்கூடியது. தொலைக்காட்சியில் பார்த்தபோது காலி நாற்காலிகள்தான் தெரிந்தன. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த தாத்தா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"சம்பளம் குடுக்காம எவன்டா ஓடுவான்?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியது.

தாத்தா சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர். காலையில் பெரட்டு, மத்தியானம் பால் நிறுவை, சாயங்காலம் திடல். எல்லாத் தோட்டத்திலும் ஒரு கோயில், ஒரு பள்ளி, ஒரு திடல் இருந்த காலம். பக்கத்துத் தோட்டத்தோடு ஆடித் தோற்றால் ஒரு வாரத்துக்கு லயத்தில் தலைகாட்ட முடியாது என்பார். அவர்களுக்கு மேலே பேராக் குழு இருந்தது. பெரிய ஆட்டம் என்றால் லோரியில் ஏறி ஈப்போவுக்குப் போவார்களாம்.

பேராக்கின் காற்பந்து வரலாறு நீளமானது. எச்.எம்.எஸ். மலாயா என்ற போர்க்கப்பலின் மாலுமிகளும் அதிகாரிகளும் தந்த கிண்ணத்துக்காக 1921ல் தொடங்கியதுதான் இன்றைய மலேசியக் கிண்ணப் போட்டி. பேராக் 1926ல் முதன்முறை அதை வென்றது. பிறகு 1931, 1957, 1967, 1970, 1998, 2000, 2018. மொத்தம் எட்டு முறை. 2002, 2003ல் லீக் பட்டம். பேராக் காற்பந்துச் சங்கமும் தன் தொடக்கம் 1921 என்றே சொல்கிறது. அப்படியென்றால் கீழே இறங்கியது நூறாவது ஆண்டில்.

அதற்கு மூன்றே ஆண்டுகளுக்கு முன் நாங்கள் உச்சத்தில் இருந்தோம். 2018 அக்டோபர் 27, ஷா ஆலாம் அரங்கில் திரங்கானுவுடன் இறுதியாட்டம். 3-3 என்று முடிந்து, பெனால்டியில் 4-1 என வென்றோம். பயிற்றுநர் மெஹ்மெட் டுராகோவிச். அதே பருவத்தில் லீக்கில் இரண்டாம் இடம். நடுத்திடலில் கென்னி பால்ராஜ் ஆடிய காலம் அது. தாத்தாவுக்கு ஆட்டத்தைவிட அந்தப் பெயர்தான் பெருமை. "நம்ம புள்ள" என்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கும்படி சொன்னார். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் மலேசியக் குழுவின் தலைவராக எம். சந்திரன் இருந்ததையும், கோல்காவலர் ஆர். ஆறுமுகத்தை நாடே 'ஸ்பைடர்மேன்' என்று அழைத்ததையும் பார்த்த தலைமுறை அது.

மூன்று ஆண்டுகளில் எப்படி விழுந்தது? நான் இஞ்சினியர். ஒரு இயந்திரம் நின்றுபோனால் கடைசியாக உடைந்த பாகத்தை மட்டும் பார்க்கக்கூடாது என்று படித்தவன். காற்பந்தில் கடைசியாக உடைந்தது தற்காப்பு. முதலில் உடைந்தது பணம் வரும் குழாய்.

மலேசியாவில் மாநிலக் குழுக்கள் நுழைவுச்சீட்டு விற்று வாழ்வதில்லை. மாநில அரசு, அதன் சார்பு நிறுவனங்கள், சில விளம்பரதாரர்கள் தரும் பணமே மூச்சு. பேராக்கில் 2018 மே, 2020 மார்ச், 2020 டிசம்பர் என்று மூன்று முறை ஆட்சி மாறியது. அரசியல் மாறினால் குழுவுக்குப் பணம் தருகிறவரும் மாறுவார். அதே நேரத்தில் மாநிலச் சங்கங்களின் குழுக்கள் தனியார் நிறுவனங்களாக மாற வேண்டும் என்ற விதி 2021 பருவத்தோடு நடைமுறைக்கு வந்தது. ரசிகர்கள் வர முடியாத ஆண்டு வேறு. விளைவாகச் சம்பளப் பாக்கிச் செய்திகள் தொடர்ந்து வந்தன. முக்கிய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மிச்சம் இருந்தவர்களைத்தான் நாம் திட்டினோம். நானும் திட்டினேன். முகநூலில் எழுதியதைப் பிறகு அழித்தேன்.

அழித்ததற்குக் காரணம் உண்டு. பட்டம் வாங்கி நான் சேர்ந்த முதல் குத்தகை நிறுவனத்தில் மூன்று மாதம் சம்பளம் வரவில்லை. தினமும் வேலைக்குப் போனேன். ஆனால் வரைபடத்தில் தப்பு வந்தது, சரிபார்க்க மனம் வரவில்லை. மேலாளர் கேட்டார்: "என்ன, கவனமே இல்லையா?" கவனம் வீட்டு வாடகையில் இருந்தது.

தாத்தா அதைக் கேட்டுச் சிரித்தார். அவருடைய தோட்டம் கைமாறியபோது கணக்கு முடியவே ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதாம். "அப்பவும் பால் வெட்டிக்கிட்டுதான் இருந்தோம். மரத்துக்குத் தெரியுமா நமக்குச் சம்பளம் வரலன்னு?" இப்போது அங்கே செம்பனை. திடல் எந்த இடத்தில் இருந்தது என்று அவராலேயே காட்ட முடியவில்லை.

2021ல் பேராக்குக்குக் கீழே, கடைசி இடத்தில் இருந்தது யு.ஐ.டி.எம்., ஒரு பல்கலைக்கழகக் குழு. சூப்பர் லீக்கில் ஆடிய முதல் பல்கலைக்கழகம். 2020ல் ஆறாவதாக வந்து எல்லாரையும் ஆச்சரியப்படுத்தியது. இறங்கிய பிறகு ஒரு பருவம், அதோடு தொழில்முறை லீக்கில் அந்தப் பெயர் இல்லை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் குழுவாகத் தொடங்கி, பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் சூப்பர் லீக் வரை ஏறிய குழுவும் 2022 முடிவில் விலகிக்கொண்டது. அது கீழே இறங்கவில்லை, போதும் என்று நிறுத்திக்கொண்டது. நம் பையன்களுக்கு இருந்த ஒரு கதவு அப்படி மூடியது. அதைப் பற்றி நம் சமூகத்தில் பெரிய பேச்சு எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

பேராக் 2023ல் சூப்பர் லீக்குக்குத் திரும்பியது, ஆனால் வென்று ஏறவில்லை. இரண்டு லீக்குகளையும் ஒன்றாக்கியதால் மேலே வந்தது. 2025ல், 2025-26 பருவத்தில் ஆடவில்லை என்று குழு விலகியது. 2021ல் நாம் பார்த்தது தோல்வி. 2025ல் தோற்பதற்குக்கூடக் குழு இல்லை.

தோல்வியை நாம் எப்போதும் ஆட்டக்காரனின் காலில் தேடுகிறோம். தோட்டத்து வரலாற்றையும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறோம்: குடித்தார்கள், படிக்கவில்லை, முன்னேறவில்லை என்று. யார் விற்றார்கள், யார் பாக்கி வைத்தார்கள் என்று கேட்பது குறைவு. கணக்குப் புத்தகத்தையும் சேர்த்துப் படித்தால்தான் அது வரலாறு.

தாத்தா இன்னும் மஞ்சள் கறுப்புச் சட்டையை வைத்திருக்கிறார். "ஆட்டம் எப்பத் தொடங்குது?" என்று போன மாதம் கேட்டார். நான் விலகிய செய்தியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "புள்ளைங்களுக்குப் பாக்கியைக் குடுத்துட்டாங்களா?" என்றார்.