ஷார்ட் ஷிஃப்டர்: மேனுவல் காரில் மாட்டும் முன் என்ன தெரிஞ்சிருக்கணும்?

மலேசியச் சாலைகளில் மேனுவல் கார்கள் குறைந்துகொண்டே வருகின்றன. 2021 நவம்பரில் வந்த புதுப்பிக்கப்பட்ட பெரொடுவா மைவியில் மேனுவல் கியரே கிடையாது. புதிதாக உரிமம் எடுப்பவர்களில் பலரும் ஆட்டோ மட்டும் ஓட்டக்கூடிய 'டிஏ' உரிமத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் 'டி' உரிமம் எடுத்து, பழைய மேனுவல் காரைத் தேடி வாங்கும் இளையர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் முதலில் மாற்ற நினைக்கும் பாகங்களில் ஒன்று ஷார்ட் ஷிஃப்டர். அது உண்மையில் என்ன செய்கிறது? எப்படி மாட்டுவது? எங்கே கவனம் தேவை?

ஷார்ட் ஷிஃப்டர் என்றால் என்ன?

கியர் கம்பி ஒரு நெம்புகோல். அதன் மேல்முனை உங்கள் கையில். கீழ்முனை கியர்பாக்ஸை இயக்கும் கேபிளில் அல்லது கம்பியில். நடுவில் அது சுழலும் மூட்டு.

ஓர் எடுத்துக்காட்டு. மூட்டுக்கு மேலே 30 செ.மீ., கீழே 5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். கியர் விழ கீழ்முனை 2 செ.மீ. நகர வேண்டும் என்றால் உங்கள் கை 12 செ.மீ. நகர வேண்டும். கீழ்ப்பகுதியை 7.5 செ.மீ. ஆக நீட்டினால் கை 8 செ.மீ. நகர்ந்தாலே போதும்.

ஷார்ட் ஷிஃப்டர் செய்வது இவ்வளவுதான். ஆனால் ஒன்றைக் கவனிக்கணும். தூரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தால், கை கொடுக்க வேண்டிய விசை ஒன்றரை மடங்கு ஆகிறது. 'கியர் கொஞ்சம் டைட்டா இருக்கு' என்று பலர் சொல்வது இதனால்தான்.

கார் வேகமாகுமா?

ஆகாது. இன்ஜின் சக்தி கூடாது, கியர் விகிதமும் மாறாது. மாறுவது கையில் கிடைக்கும் உணர்வு மட்டும்தான்.

கியர்பாக்ஸுக்குள் 'சிங்க்ரோ' எனப்படும் வளையங்கள் இருக்கின்றன. கியர் விழும் முன், சுழலும் இரண்டு பாகங்களின் வேகத்தையும் அவை சமப்படுத்தும். அதற்குச் சிறிது நேரம் தேவை. கம்பியின் தூரத்தைக் குறைத்தாலும் அந்த நேரம் குறையாது. அவசரமாகத் தள்ளினால் சிங்க்ரோதான் சீக்கிரம் தேயும்.

முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

கியர் கம்பி தொளதொளவென்று ஆடுகிறதா? அப்படியென்றால் உங்களுக்கு ஷார்ட் ஷிஃப்டர் தேவையில்லாமலே போகலாம்.

கேபிள் முனைகளிலும் கம்பி இணைப்புகளிலும் ரப்பர் அல்லது பிளாஸ்டிக் புஷ்கள் இருக்கும். ஆண்டுக்கணக்கில் வெப்பம் பட்டு அவை தேய்ந்துபோகும். காரை நிறுத்தி, ஒரு கியரில் போட்டு, கம்பியை மெதுவாக அசைத்துப் பாருங்கள். அதிகமாக ஆடினால் முதலில் புஷ்களை மாற்றுங்கள். பழைய காரில் பாதிப் பிரச்சினை அதிலேயே தீர்ந்துவிடலாம்.

கியர் போடும்போது 'கரகர' சத்தம் வருகிறதா? அது வேறு பிரச்சினை. கிளட்ச் முழுமையாக விடுபடாமல் இருக்கலாம், சிங்க்ரோ தேய்ந்திருக்கலாம், கியர் எண்ணெய் பழசாகி இருக்கலாம். ஷார்ட் ஷிஃப்டர் இதைச் சரிசெய்யாது, மோசமாக்கக்கூடும்.

உங்கள் கார் எந்த வகை?

கேபிள் வகை: இன்றைய முன்சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் இதுதான். இரண்டு கேபிள்கள் இருக்கும். ஒன்று முன்னும் பின்னும், மற்றொன்று பக்கவாட்டில். வேலையில் பெரும்பகுதி காருக்குள்ளேயே முடிந்துவிடும்.

கம்பி வகை: 1990களின் ஹோண்டா சிவிக் போன்றவை. இணைப்புக் கம்பிகள் காருக்கு அடியில், எக்ஸாஸ்ட் குழாய் அருகே செல்லும். கீழே இறங்கித்தான் வேலை செய்ய வேண்டும்.

நேரடி வகை: மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற பின்சக்கர இயக்கக் கார்கள். கியர் கம்பி நேராக கியர்பாக்ஸுக்குள் இறங்கும். கம்பியை எடுத்ததும் திறந்திருக்கும் துளைக்குள் ஒரு திருகு விழுந்தாலும் பெரிய செலவு.

மாட்டுவது எப்படி?

கேபிள் வகைக் காரில் பொதுவான வரிசை இது. உங்கள் காருக்கான பாகத்தோடு வரும் வழிகாட்டியை அவசியம் படியுங்கள்.

1. காரைச் சமதரையில் நிறுத்துங்கள். ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள். வேலை நியூட்ரலில் நடப்பதால் ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்ப வேண்டாம்.

2. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, சில நிமிடங்கள் காத்திருங்கள். பல கார்களில் ஏர்பேக் கட்டுப்பாட்டுப் பெட்டி சென்டர் கன்சோலுக்கு அடியில்தான் இருக்கும். அதைத் தட்டவோ, அதன் ஒயர்களை இழுக்கவோ கூடாது.

3. கியர் குமிழ், உறை, கன்சோல் ஆகியவற்றைக் கழற்றுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் திரும்ப மாட்டும்போது குழப்பம் வராது.

4. இரண்டு கேபிள்களிலும் டேப் ஒட்டி அடையாளம் இடுங்கள். பிறகு கிளிப்புகளை எடுத்து முனைகளைக் கழற்றுங்கள். பிளாஸ்டிக் முனையை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் உடையும்.

5. பழைய ஷிஃப்டரின் போல்ட்டுகளைக் கழற்றி, புதியதைப் பொருத்துங்கள். மூட்டிலும் புஷ்களிலும் கிரீஸ் தடவுங்கள். குறிப்பிட்ட அளவுக்கே போல்ட்டுகளை முடுக்குங்கள்.

6. கேபிள்களை மாட்டி, கிளிப்புகள் முழுமையாக உட்கார்ந்துவிட்டனவா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். ஓடும்போது ஒரு கிளிப் கழன்றால் கியரே மாற்ற முடியாது.

கன்சோலை மூடும் முன்

இன்ஜினை இயக்காமல், கிளட்சை மிதித்து, எல்லாக் கியரையும் போட்டுப் பாருங்கள். ரிவர்ஸையும் மறக்காதீங்க. தவறுதலாக ரிவர்ஸ் விழாமல் தடுக்கும் அமைப்பு வேலை செய்கிறதா என்பதையும் பார்க்கணும்.

பிறகு கன்சோலைத் தற்காலிகமாக வைத்து, மீண்டும் ஒருமுறை பாருங்கள். கம்பி எங்காவது முட்டினால் கியர் பாதியில்தான் விழும். அப்படி விழுந்த கியர், மேட்டில் ஏறும்போது தானாக விலகிவிடும்.

எல்லாம் சரியாக இருந்தால் பேட்டரியை மாட்டி, வாகனம் இல்லாத இடத்தில் மெதுவாக ஓட்டிப் பாருங்கள்.

மிகப் பெரிய ஆபத்து எது?

தவறான கியர். சில ஷார்ட் ஷிஃப்டர்கள் பக்கவாட்டு இடைவெளியையும் குறைக்கின்றன. பழகாத கைக்கு, மூன்றிலிருந்து நான்குக்குப் போக நினைத்து இரண்டில் விழ வாய்ப்பு அதிகம்.

மூன்றாம் கியர் விகிதம் 1.3, இரண்டாம் கியர் 1.9 என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் 6,000 சுற்றில் இருக்கும்போது இரண்டில் போட்டு கிளட்சை விட்டால், இன்ஜின் கிட்டத்தட்ட 8,800 சுற்றுக்குத் தள்ளப்படும். ரெவ் லிமிட்டர் காப்பாற்றாது. அது எரிபொருளை மட்டுமே நிறுத்தும். இங்கே இன்ஜினைச் சுழற்றுவது சக்கரங்கள். வால்வு பிஸ்டனில் மோதினால் இன்ஜின் போச்சு.

எனவே முதல் சில நாள்கள் நிதானமாக ஓட்டி, கையைப் பழக்குங்கள்.

நாமே செய்யலாமா, போமனிடம் கொடுக்கலாமா?

கேபிள் வகையில், சரியான கருவிகளும் பொறுமையும் இருந்தால் வீட்டிலேயே செய்யலாம்.

கம்பி வகை என்றால் காரைத் தூக்கும் வசதியுள்ள பட்டறைக்குப் போவதே நல்லது. ஜேக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் ஒருபோதும் போகாதீர்கள், அது நழுவக்கூடியது. ஸ்டாண்ட் வைத்த பிறகே உள்ளே போக வேண்டும். எக்ஸாஸ்ட் ஆறிய பிறகே கை வைக்க வேண்டும்.

புதிய கார் என்றால் உத்தரவாத விதிமுறைகளைப் படியுங்கள். மாற்றம் செய்யும் முன் ஜேபிஜேயிடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் கேட்டுவிடுங்கள்.

கழற்றிய பழைய ஷிஃப்டரை வீசிவிட வேண்டாம். புதியது பிடிக்கவில்லை என்றாலோ, காரை விற்க நேர்ந்தாலோ அது தேவைப்படும்.