வைனரின் உயில்: ஆக்ஸ்போர்டின் சட்ட உதவித்தொகை கடந்து வந்த பாதை

சட்ட மேற்படிப்பு மாணவருக்கு வழங்கப்படும் உதவித்தொகை இன்று ஏற்கெனவே நிலைபெற்றுவிட்ட ஒரு படிப்புக்குத் துணையாக வரும் பணமாகவே அறியப்படுகிறது. பல்கலைக்கழகம், பாடத்திட்டம், தேர்வு ஆகியவை முன்பே இருக்க, கட்டணம் செலுத்த இயலாதவருக்கோ தேர்வில் சிறந்தவருக்கோ அத்தொகை போய்ச் சேருகிறது. ஆங்கிலச் சட்டக் கல்வியில் இவ்வகை உதவித்தொகைகளுக்கு முன்னோடியாக விளங்கும் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தின் வைனர் அறக்கட்டளையில் இவ்வரிசை தலைகீழாக இருந்தது. அங்கே பணம் முதலில் வந்தது. பாடநூல் அதற்குப் பின் வந்தது. உரிய தேர்வு வந்துசேர ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு பிடித்தது. மாணவரைப் பல ஆண்டுகள் பேணுவதற்கென்று தொடங்கிய ஒரு நிதி, படிப்பு முடிந்தபின் வழங்கப்படும் பரிசாக மாறிய வரலாறு, உதவித்தொகையின் நோக்கம் எது என்னும் பொதுக் கேள்விக்கும் ஒளி தருவதாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஆங்கிலேய நாட்டின் சட்டம் அந்நாட்டின் பல்கலைக்கழகங்களில் கற்பிக்கப்படவில்லை. அரசவை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் வழியாகப் பல நூற்றாண்டுகளில் திரண்டு உருவானதும் பொதுச் சட்டம் எனப்படுவதுமான அந்த மரபை, லண்டனில் இருந்த வழக்கறிஞர் விடுதிகளே தம் பொறுப்பில் வைத்திருந்தன. ஆக்ஸ்போர்டிலும் கேம்பிரிட்ஜிலும் கற்பிக்கப்பட்டது உரோமப் பேரரசின் சட்டத் தொகுப்பிலிருந்து வளர்ந்த குடிமைச் சட்டம் மட்டுமே. அதனுடன் இணைந்து பயிலப்பட்ட திருச்சபைச் சட்டம் எட்டாம் ஹென்றியின் ஆட்சியிலேயே நிறுத்தப்பட்டிருந்தது. வழக்கறிஞர் விடுதிகளில் ஒரு காலத்தில் நடந்த விரிவுரைகளும் மாதிரி வழக்காடல்களும் 1642-இல் மூண்ட உள்நாட்டுப் போரோடு நலிந்துபோயின. அதன்பின் மாணவர் ஒருவர் குறித்த எண்ணிக்கையில் விடுதி விருந்துகளில் அமர்ந்து உண்டு, ஒரு வழக்கறிஞரின் அறையில் ஆவணங்களைப் படியெடுத்து, தாமாகவே நூல்களைப் புரட்டிக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. பாரிஸ்டர் ஆவதற்குத் தேர்வில் தேறியாக வேண்டும் என்ற விதி 1872-இல்தான் வந்தது என்பது, எழுதப்பட்ட பாடத்திட்டம் இன்றி இத்தொழில் எவ்வளவு காலம் நடைபெற்றது என்பதைக் காட்டும்.

இந்தக் குழப்பத்தை ஒழுங்குபடுத்துவதில் தம் வாழ்நாளைச் செலவிட்டவர் சார்லஸ் வைனர் (1678–1756). ஆக்ஸ்போர்டில் சேர்ந்து பட்டம் பெறாமலே வெளியேறிய இவர், சட்டத் தொழிலில் பெயர் பெற்றவரும் அல்லர். ஹாம்ப்ஷயர் மாவட்டத்தின் ஆல்டர்ஷாட்டில் வாழ்ந்தபடி, பதினேழாம் நூற்றாண்டு நீதிபதி ஹென்றி ரோலின் சுருக்கத் தொகுப்பை அடித்தளமாகக் கொண்டு, தீர்ப்புகளின் சாரங்களைத் தலைப்புவாரியாக அகரவரிசையில் அடுக்கும் பெரும்பணியில் இறங்கினார். பொதுச் சட்டம், அதன் கடுமையைத் தணிக்கும் சமன்மை நெறி ஆகிய இரண்டையும் தழுவிய அத்தொகுப்பு 23 பெருந்தொகுதிகளாக விரிந்தது. அதை அவர் தம் ஊரிலேயே அச்சிட்டார். 1755 டிசம்பர் 29 என நாளிட்ட உயிலில் அவர் தம் சொத்தின் பெரும்பகுதியை, விற்காமல் எஞ்சிய தொகுதிகளோடும் பதிப்புரிமையோடும் சேர்த்து, ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்துக்கு எழுதிவைத்தார். ஏறத்தாழ 12,000 பவுண்டு மதிப்புள்ள அக்கொடையைக் கொண்டு பொதுச் சட்டத்துக்கு ஒரு பேராசிரியர் பதவியையும், ஃபெலோ எனப்படும் ஆய்வுறுப்பினர் இடங்களையும், மாணவர் உதவித்தொகைகளையும் நிறுவ வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார்.

உயிலின் விருப்பத்தை நடைமுறை விதிகளாக்கும் பொறுப்பு, பல்கலைக்கழகத்தின் உயர்பட்டம் பெற்றோர் கூடி வாக்களிக்கும் பேரவைக்கு வந்தது. 1758-இல் அப்பேரவை ஏற்ற விதிகளின்படி பேராசிரியருக்கு ஆண்டுக்கு 200 பவுண்டும், ஃபெலோ ஒவ்வொருவருக்கும் 50 பவுண்டும், உதவித்தொகை மாணவர் ஒவ்வொருவருக்கும் 30 பவுண்டும் வரையறுக்கப்பட்டன. ஃபெலோக்களும் மாணவர்களும் எத்தனை பேர் என்பதை நிதியின் வருவாய்க்கேற்பப் பேரவை அவ்வப்போது தீர்மானிக்கலாம். பேராசிரியர் ஆண்டுதோறும் குறைந்தது 60 விரிவுரைகள் கொண்ட முழுப் பாடத்தை ஆங்கிலத்திலேயே நடத்த வேண்டும். ஒரு வாரத்தில் நான்குக்கு மேற்பட்ட விரிவுரைகள் விழக்கூடாது. விடுபட்ட ஒவ்வொரு விரிவுரைக்கும் 40 ஷில்லிங் தண்டம் கட்ட வேண்டும். வைனர் நிதியின் மாணவர்கள் கட்டணமின்றிக் கேட்கலாம். மற்றவர்களிடம் பேரவை வகுத்த கட்டணத்தைப் பேராசிரியர் பெற்றுக்கொள்ளலாம்.

மாணவருக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளே இவ்விதிகளில் மிகவும் கவனிக்கத்தக்கவை. உதவித்தொகைக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவர் பல்கலைக்கழகத்தில் பதிவுபெற்று 24 மாதங்களேனும் ஆனவராகவும் மணமாகாதவராகவும் இருத்தல் வேண்டும், பேராசிரியரின் விரிவுரைத் தொடரை இருமுறை முழுமையாகக் கேட்டுச் சான்று பெற வேண்டும், பி.சி.எல். என்னும் குடிமைச் சட்டப் பட்டத்தைத் தாமதமின்றிப் பெற்று, அதன்பின் ஓராண்டுக்குள் பாரிஸ்டராகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்; ஆண்டில் குறித்த எண்ணிக்கையிலான மாதங்கள் பல்கலைக்கழகத்தில் தங்கியிருக்க வேண்டும், தங்காவிட்டால் அவ்வாண்டுத் தொகை நிதிக்கே திரும்பிவிடும். திருமணம் செய்தாலும், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் தங்காவிட்டாலும், சட்டத்தை விட்டு வேறு தொழிலுக்குப் போனாலும் இடம் பறிபோகும். எவ்வாறாயினும் பத்தாண்டுகளோடு அது முடிவுறும்.

இந்நிபந்தனைகளைச் சேர்த்துப் பார்த்தால், அறிவுக்கூர்மையுள்ள ஒருவரை அடையாளம் கண்டு பாராட்டுவது அவற்றின் நோக்கம் அன்று என்பது புலப்படும். இளைஞர் ஒருவரைப் பல்கலைக்கழகத்திலும் வழக்கறிஞர் விடுதியிலும் மாறிமாறித் தங்கவைத்து, வருவாய் வரத் தொடங்காத இளமைப் பருவம் முழுவதும் அவரைத் தாங்கி, கோட்பாடும் தொழிலும் அறிந்த ஒரு புதுவகைச் சட்ட அறிஞரை உருவாக்குவதே அவற்றின் உள்நோக்கம். ஆயினும் அதில் ஒரு முரண் தொடக்கத்திலேயே பொதிந்திருந்தது. பொதுச் சட்டத்தில் பட்டம் என்று எதுவும் இல்லாததால், பொதுச் சட்டம் பயில்வதற்காகப் பணம் பெறும் மாணவர் உரோமச் சட்டத்தில் பட்டம் பெற வேண்டியிருந்தது. விரிவுரைகளைக் கேட்டதற்குப் பேராசிரியரின் கையெழுத்து மட்டுமே சான்றாக இருந்ததே அன்றி, கேட்டது மனத்தில் நின்றதா என்று சோதிக்கும் தேர்வு ஏதும் இல்லை.

முதல் பேராசிரியர் தம் திறமையால் இக்குறையை மறைத்துவிட்டார். ஆல் சோல்ஸ் கல்லூரியின் ஃபெலோவாக இருந்த வில்லியம் பிளாக்ஸ்டன், வைனரின் கொடை வருவதற்கு முன்பே, 1753 முதல் ஆங்கிலச் சட்டம் குறித்துத் தம் சொந்தப் பொறுப்பில் விரிவுரையாற்றி வந்தவர். 1758 அக்டோபர் 20 அன்று ஒருமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட அவர், ஐந்து நாள்களில் தம் தொடக்க உரையை நிகழ்த்தினார். வைனரின் அகரவரிசைத் தொகுப்பு வழக்கறிஞர் எடுத்துப் பார்க்கும் நூலாக மட்டுமே பயன்பட, பிளாக்ஸ்டனோ அதே சட்டத்தைத் தொடர்ச்சியாகப் படித்துப் புரிந்துகொள்ளத்தக்க கட்டமைப்பாக எடுத்துரைத்தார். அவ்விரிவுரைகளே 1765-க்கும் 1769-க்கும் இடையில் நான்கு தொகுதிகளாக வெளிவந்து, அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால் அமெரிக்கக் குடியேற்றங்களிலும் சட்ட மாணவரின் முதல் நூலாக நிலைபெற்றன. 1763-இல் அவ்விரிவுரைகளைக் கேட்ட இளைஞர் ஜெரமி பெந்தம், பின்னாளில் அவற்றின் கடுமையான எதிர்ப்பாளராக எழுந்து 1776-இல் மறுப்பு நூல் வெளியிட்டார். இருந்தும், சட்ட மாணவர்களுக்கென்று ஒரு தனிக் கல்லூரி அமைய வேண்டும் என்ற பிளாக்ஸ்டனின் திட்டம் நிறைவேறவில்லை. அந்த ஏமாற்றத்தோடு அவர் 1766-இல் பதவி விலகினார்.

அறக்கட்டளையின் விதிகள் எண்ணிய பாதையில் முழுமையாக நடந்தவராகச் சொல்லத்தக்கவர் அடுத்துவந்த ராபர்ட் சேம்பர்ஸ். நியூகாசில் நகரத்து வழக்கறிஞர் ஒருவரின் மகனான இவர், வைனர் உதவித்தொகை பெற்ற மாணவராகத் தொடங்கி, பாரிஸ்டராகி, 1766-இல் பிளாக்ஸ்டனின் இடத்துக்கே வந்தார். முன்னவரின் புகழுக்கு ஈடுகொடுத்து விரிவுரைகளை எழுத முடியாமல் திணறிய அவருக்கு, நண்பரான அகராதி ஆசிரியர் சாமுவேல் ஜான்சன் பிறர் அறியாமல் துணைநின்று எழுத உதவினார் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் விரிவாகத் தெரியவந்தது. 1773-ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி கல்கத்தாவில் உச்ச நீதிமன்றம் நிறுவப்பட்டபோது சேம்பர்ஸ் அதன் நீதிபதிகளுள் ஒருவராக 1774-இல் இந்தியா வந்தார். அடுத்த ஆண்டு மகாராஜா நந்தகுமாருக்கு போலி ஆவணக் குற்றத்துக்காக மரண தண்டனை விதித்த நீதிமன்ற அமர்விலும் அவர் இருந்தார். ஆங்கிலச் சட்டம் இந்திய மண்ணில் வேர்பிடித்த முதல் ஆண்டுகளிலேயே வைனரின் பணத்தில் பயின்ற ஒருவர் அதன் ஆசனத்தில் அமர்ந்திருந்தார் என்பது, ஆல்டர்ஷாட்டில் எழுதப்பட்ட உயில் எதிர்பார்த்திராத விளைவு.

சேம்பர்ஸுக்குப் பிறகு அறக்கட்டளை உயிரோட்டத்தை இழக்கத் தொடங்கியது. அதற்குக் காரணம் பணக்குறை அன்று. பாரிஸ்டர் ஆவதற்குப் பல்கலைக்கழகப் பட்டமோ விரிவுரைச் சான்றோ தேவைப்படாதவரை, ஆக்ஸ்போர்டில் சட்டம் கேட்பதால் தொழிலில் கிடைக்கும் பயன் சிறிதாகவே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வைனர் பேராசிரியர் பதவி பெரும்பாலும் பெயரளவிலான பதவியாகச் சுருங்கியது. ஆசிரியர் சோர்ந்த இடத்தில் மாணவர் நிதியும் கற்றலோடு இருந்த பிணைப்பை இழந்தது. நிபந்தனைகளை எழுத்தளவில் நிறைவேற்றிவிட்டு ஆண்டுத் தொகையைப் பெற்றுக்கொள்ள எவரும் பெருமுயற்சி எடுக்க வேண்டியிருக்கவில்லை.

மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1850-இல் அரசு அமைத்த ஆணையம் ஆக்ஸ்போர்டின் அறக்கட்டளைகளையும் பாடமுறையையும் ஆராயத் தொடங்கிய அதே காலத்தில், சட்டத்தையும் நவீன வரலாற்றையும் இணைத்த இளங்கலைத் தேர்வுத்துறை ஒன்று அங்கே உருவானது. 1872-இல் சட்டம் தனித்துறையாகப் பிரிந்தது. 1882-இல் வைனர் பேராசிரியர் பொறுப்பை ஏற்ற ஏ.வி.டைசி, ஆங்கிலச் சட்டத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்க இயலுமா என்ற கேள்வியையே தம் தொடக்க உரையின் பொருளாக்கினார். பிளாக்ஸ்டனுக்குப் பின் நூற்றாண்டுக்கு மேல் கடந்தும் அக்கேள்வி விடையின்றி நின்றது என்பதற்கு அதுவே சான்று. இதே சீர்திருத்தக் காலத்தில் உதவித்தொகையும் போட்டித் தேர்வின் வழியே கிடைப்பதாக ஆனது. அவ்வாறு 1890-களில் அதை வென்றவர்களுள் எஃப்.இ.ஸ்மித் ஒருவர். பின்னாளில் பர்க்கன்ஹெட் பிரபு என்ற பெயரில் இந்திய விவகார அமைச்சராக இருந்து, இந்தியர் ஒருவரும் இடம்பெறாத சைமன் குழுவை 1927-இல் அறிவித்தவர் இவரே.

தேர்வு, தகுதியுள்ளவரைக் கண்டெடுத்தது. ஆயினும் தேர்வறையின் வாயில்வரை வருவதற்கு வழியற்றவர்களுக்கு அது விடையாகவில்லை. இதை விளக்க இந்திய மாணவி கார்னிலியா சொராப்ஜியின் வாழ்க்கை போதுமானது. புணேயின் தக்காணக் கல்லூரியில் பயின்று பட்டத் தேர்வில் முதலிடம் பெற்றிருந்தும், இங்கிலாந்து சென்று படிக்க முதலிடத்தவருக்கு உரிய அரசு உதவித்தொகை, பெண் என்ற காரணத்தால் அவருக்கு மறுக்கப்பட்டது. மேரி ஹாப்ஹவுஸ், ஃபுளோரன்ஸ் நைட்டிங்கேல் முதலான ஆங்கிலேயப் பெண்கள் திரட்டிய நிதியைக் கொண்டு 1889-இல் ஆக்ஸ்போர்டில் பெண்களுக்கான சாமர்வில் கல்விநிலையத்துக்குச் சென்ற அவர், தனி அனுமதி பெற்று 1892-இல் பி.சி.எல். தேர்வை எழுதினார், அத்தேர்வை எழுதிய முதல் பெண் அவரே. வைனர் தம் மாணவரிடம் கோரிய அதே பட்டத்தின் தேர்வு அது. ஆனால் பெண்களுக்குப் பட்டம் வழங்க ஆக்ஸ்போர்டு 1920-இல்தான் முன்வந்தது; சொராப்ஜி தம் பட்டத்தை 1922-இல் பெற்றுக்கொண்டார், அடுத்த ஆண்டு பாரிஸ்டரானார். முப்பது ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்த அந்த மாணவியை ஆக்ஸ்போர்டில் நிலைநிறுத்தியது, விதிகள் எழுதி நிறுவப்பட்ட அறக்கட்டளை எதுவும் அன்று. சில தனிமனிதரின் நன்கொடையே.

தகுதியை அளக்கும் நிதிக்கும் மாணவரைப் பேணும் நிதிக்கும் இடையிலான இப்பிளவு இருபதாம் நூற்றாண்டில் ஒரு நிறுவன வடிவம் பெற்றது. தென்னாப்பிரிக்க வைரச் சுரங்கங்களில் செல்வம் சேர்த்த சிசில் ரோட்ஸ் 1902-இல் மறைந்தபோது விட்டுச்சென்ற உயிலால் உருவான ரோட்ஸ் உதவித்தொகை, ஆங்கிலேயப் பேரரசின் குடியேற்ற நாடுகள், அமெரிக்கா, ஜெர்மனி ஆகியவற்றின் மாணவர்களுக்கு ஆக்ஸ்போர்டில் கல்விக் கட்டணத்தையும் வாழ்க்கைச் செலவையும் ஏற்றது. அது இந்தியாவுக்கு 1947-இலும், பெண்களுக்கு 1977-இலும் திறந்தது. அதனால் பி.சி.எல். படிக்க வந்த சட்டப் பட்டதாரிகள் பலர், வைனரின் விதிகள் முன்பு தர நினைத்த பேணுதலை ரோட்ஸ் நிதியிலிருந்து பெற்றனர். வைனர் உதவித்தொகையோ, அப்பட்டத் தேர்வில் எவர் மிகச் சிறப்பாக விடையளித்தாரோ அவருக்குத் தேர்வு முடிந்தபின் வழங்கப்படும் சிறப்பாக மாறிவிட்டது. பின்னாளில் பிரிட்டனின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் அமர்ந்த லெனார்டு ஹாஃப்மன், தென்னாப்பிரிக்க அரசமைப்பு நீதிமன்றத்தின் நீதிபதியாக இருந்த எட்வின் கேமரன் ஆகிய இருவரும் தென்னாப்பிரிக்காவிலிருந்து ரோட்ஸ் உதவியோடு வந்து வைனர் பெயரையும் வென்றவர்கள். வறுமையில், குழந்தைகள் இல்லம் ஒன்றில் இளமையின் ஒரு பகுதியைக் கழித்த கேமரனுக்கு, படிக்க வழி செய்த தொகை வேறு, படித்ததற்கு மதிப்பளித்த தொகை வேறு.

ஆகவே வைனர் அறக்கட்டளையின் வரலாற்றை, நலிந்து பின் சீர்பெற்ற ஒரு நிதியின் கதையாக மட்டும் படிப்பது போதாது. 1758-இன் விதிகள் பத்தாண்டுகள் ஒருவரைத் தாங்கத் துணிந்தன. ஆனால் அவர் கற்றதை அளக்கும் கருவி அவற்றிடம் இல்லாததால், ஆசிரியரின் திறமை உள்ளவரையே அவை பயன்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் சீர்திருத்தம் அந்தக் கருவியைக் கொடுத்தது; அதற்கு விலையாகத் தாங்கும் கடமையை வேறு நிதிகளிடம் தள்ளிவிட்டது. தகுதியை அளப்பதும் தகுதி வளரும்வரை பேணுவதும் இருவேறு பணிகள் என்பதையும், முன்னதைச் செய்யும் நிதி பின்னதையும் தானாகவே செய்துவிடும் என்று கருதும் நாட்டில் சொராப்ஜியைப் போன்றவர்கள் தனிமனிதரின் தயவையே நம்பியிருக்க வேண்டிவரும் என்பதையும் இவ்வறக்கட்டளையின் இரண்டரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட அனுபவம் உறுதிப்படுத்துகிறது.