பழைய கணினிகளைப் போலச்செய்தல்: ஒரு வரலாற்று நோக்கு

கொழும்புத்துறையில் வாழ்ந்த யோகர் சுவாமிகள் (1872–1964) அவ்வப்போது பாடியவற்றுட் பல, அருகிருந்த அன்பர்கள் எழுதிவைத்தமையாலேயே 'நற்சிந்தனை' என்னும் நூல்வழி நமக்குக் கிடைத்துள்ளன. தாளில் எழுதியதைப் படிக்க எழுத்தறிவு போதும். கணினியில் எழுதியதைப் படிக்கவோ அதற்குரிய பொறியும் வேண்டும். பொறி மறைந்தபின் எழுத்து இருந்தும் இல்லாததாகிவிடும். இவ்விடரைத் தீர்க்க உதவுவது 'எமுலேற்றர்' என வழங்கும் மென்பொருள். புதிய கணினியொன்றைப் பழைய கணினியைப் போல இயங்கச் செய்வதே அதன் பணி.

இதன் கோட்பாட்டு வேரை 1936இல் அலன் ரூறிங் எழுதிய கட்டுரையிற் காணலாம். எந்தக் கணிப்புப் பொறியின் செயலையும் விதிகளாக எழுதிக்கொடுத்தால், பொதுப்பொறி ஒன்று அதனைச் செய்துகாட்டும் என அவர் நிறுவினார். 1964இல் ஐ.பி.எம். நிறுவனம் தனது 360 வரிசைக் கணினிகளை அறிமுகஞ் செய்தபோது, முந்திய 1401 கணினிக்கு எழுதப்பட்ட நிரல்கள் வீணாகாவண்ணம் இம்முறையைக் கையாண்டது. அன்று வணிகத் தேவையாக இருந்தது பின்னர் மரபுக்காப்பாகவும் வளர்ந்தது. கேம்பிரிச்சின் எட்சாக் கணினிக்கு 1952இல் டக்ளஸ் என்பார் வட்டமும் புள்ளடியும் இடும் விளையாட்டொன்றை அமைத்தார். 1958இல் அக்கணினி கழற்றப்பட்டது. எனினும், வோரிக் பல்கலைக்கழகத்து மாட்டின் காம்பல்-கெலி உருவாக்கிய மென்பொருளில் அவ்விளையாட்டை ஆடிப்பார்க்கலாம்.

1997இல் இத்தாலியரான நிக்கோலா சல்மோறியா வெளியிட்ட 'மேம்', காசிட்டு ஆடும் விளையாட்டுப் பொறிகளை ஆவணப்படுத்தும் பெருமுயற்சிக்கு வித்திட்டது. தொடக்ககால மென்பொருள்கள் பல, வேகத்தின்பொருட்டு நுணுக்கத்தைக் கைவிட்டன. தோன்றிய பிழைகளை விளையாட்டுக்கு விளையாட்டு ஒட்டுப்போட்டு மறைத்தன. பின்வந்தோர் மூலப்பொறியின் ஒவ்வொரு துடிப்பையும் பின்பற்ற முயன்றனர். சில்லுகளின் மேலுறையை நீக்கி, நுணுக்குக்காட்டியாற் படமெடுத்தும் ஆராய்ந்தனர். இவ்வாறு பொறியின் குறைகளுங்கூட உள்ளவாறே பதிவாயின. வரலாற்று மாணவனுக்கு இது பெரிதும் வேண்டப்படுவது. திருத்திய பாடத்திலும் மூலபாடமே அவனுக்குச் சான்றாகும்.

இது நமக்கும் உரிய செய்தியே. 1980களில் கனடாவிற் சிறீனிவாசன் ஆக்கிய 'ஆதமி' என்னும் தமிழ் மென்பொருள் டொஸ் இயங்குதளத்துக்கு எழுதப்பட்டது. அத்தகைய நிரல்களை இக்காலக் கணினிகளில் இயக்க 2002இல் வெளியான 'டொஸ்பொக்ஸ்' உதவுகின்றது. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் பரவிய 'பாமினி' எழுத்துருவிற் கோத்த பக்கங்களோ, அவ்வெழுத்துரு இல்லாவிடத்து ஆங்கில எழுத்துக் குவியலாய்க் காட்சிதரும். ஆகவே, கோப்பை மட்டும் படியெடுத்தல் போதாது. அதனை ஆக்கிய நிரலையும் எழுத்துருவையும் உடன்சேர்த்துக் காத்தல் வேண்டும்.

1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களை இழந்தோம். அது பிறர் செய்த அழிவு. நம் வீட்டுப் பெட்டிகளிற் கிடக்கும் பழைய நெகிழ்வட்டுகள் படிப்பாரற்று அழியுமாயின், அது நம் அசட்டையால் நேர்ந்த அழிவாகும். போலச்செய்யும் கருவிகளை உலகம் ஆக்கித் தந்துள்ளது. அவற்றுள் இடுதற்குரிய மூலங்களைத் தேடித் தொகுப்பது நமது கடன்.