கரியும் போர்வையும்: அப்பாஸியர் கால மருத்துவமனைகளைக் கணக்குக் கேட்டவர்கள்

ஹிஜ்ரி 319ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 931இல், பாக்தாத் நகரில் ஒரு மருத்துவர் செய்த தவறால் சாமானியர் ஒருவர் உயிரிழந்தார். செய்தி கலீஃபா அல்முக்ததிரின் செவிக்கு எட்டியது. சந்தைகளையும் தொழில்களையும் கண்காணிக்கும் முஹ்தஸிபுக்கு ஆணை பிறந்தது: சினான் இப்னு ஸாபித் சோதித்துப் பார்த்து ஒப்புதல் தராத எவரும் இனி வைத்தியம் செய்யலாகாது. சினான் அரண்மனை மருத்துவர். கணித மேதை ஸாபித் இப்னு குர்ராவின் மகன். நகரின் இரு கரைகளிலிருந்தும் 860க்கும் மேற்பட்டோர் அவர்முன் வந்து நின்றனர். திறமையால் ஏற்கெனவே புகழ்பெற்றிருந்தவர்களுக்கும் அரசுப் பணியில் இருந்தவர்களுக்கும் சோதனையிலிருந்து விலக்குக் கிடைத்தது. மற்றவர்களில் ஒவ்வொருவருக்கும் எந்த அளவுக்கு வைத்தியம் பார்க்கலாம் என்பது வரையறுக்கப்பட்டது.

நம் மேடைகளிலும் கட்டுரைகளிலும் இந்நிகழ்ச்சி அடிக்கடி எடுத்துரைக்கப்படுவதுண்டு. மருத்துவர்களுக்குத் தேர்வு வைத்தவர்கள் நாம்தான் என்ற பெருமிதத்தோடு பேச்சு முடிந்துவிடும். ஆனால் இதே செய்தியைப் பதிவு செய்த இப்னுல் கிஃப்தீ, இப்னு அபீ உஸைபிஆ ஆகிய வரலாற்றாசிரியர்கள் அதையொட்டி இன்னொரு சம்பவத்தையும் சொல்கிறார்கள். அதை எடுத்துச் சொல்வோர் குறைவு.

சோதனைக்கு வந்தவர்களில் ஒரு முதியவர் இருந்தார். நல்ல உடை, கண்ணியமான தோற்றம். சினான் அவரைப் பக்கத்தில் அமர்த்தி மரியாதை செய்தார். மற்றவர்கள் போன பிறகு, உங்களிடமிருந்து கற்றுக்கொள்ள ஏதாவது சொல்லுங்கள், உங்கள் ஆசிரியர் யார் என்று கேட்டார். முதியவர் ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து வைத்தார், உள்ளே பொற்காசுகள். தமக்கு எழுதப் படிக்கச் சரியாக வராது என்றும், எதையும் முறையாகக் கற்றதில்லை என்றும், ஆனால் பிள்ளை குட்டிகள் இருப்பதால் இந்தப் பிழைப்பைக் கெடுத்துவிட வேண்டாம் என்றும் வேண்டிக்கொண்டார். சினான் சிரித்துவிட்டார். தெரியாத நோயில் கை வைக்கக் கூடாது, இரத்தம் எடுக்கச் சொல்லக் கூடாது, எளிய நோய்களுக்கு அன்றிப் பேதி மருந்து தரக் கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதித்தார். வாழ்நாள் முழுதும் தம் வழி அதுதான், சர்பத் வகைகளைத் தாண்டியதே இல்லை என்றார் முதியவர். மறுநாள் ஓர் இளைஞன் வந்தான். யாரிடம் படித்தாய் என்று கேட்க, தந்தையிடம் என்றான். தந்தை யார் என்று பார்த்தால், நேற்று வந்த அதே முதியவர்! நீயும் அவர் வழிதானா, ஆம் என்றால் அதைத் தாண்டாதே என்று சொல்லி அவனையும் அனுப்பி வைத்தார் சினான்.

இதைச் சோதனையின் தோல்வி என்று சொல்லிவிடலாம். நாம் அப்படி நினைக்கவில்லை. எழுத்தறிவில்லாத ஒருவரை ஆபத்தில்லாத எல்லைக்குள் நிறுத்தி வைப்பதும் ஒருவகை நிர்வாகம்தான். ஒரே ஆண்டில் எண்ணூறு பேரைத் தொழிலிலிருந்து விரட்டினால் நகரின் ஏழைகள் யாரிடம் போவார்கள்? ஆனால் ஒன்று மட்டும் தெளிவு. வாசலில் ஒருமுறை வைக்கும் தேர்வு, உள்ளே நாள்தோறும் நடப்பதற்கு உத்தரவாதம் ஆகாது.

இந்தக் குறையைப் பின்வந்தவர்கள் உணர்ந்திருந்தார்கள். வைத்தியம் அறியாமல் வைத்தியம் செய்தவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூத் நூலில் ஒரு நபிமொழி உண்டு. ஃபிக்ஹு அறிஞர்கள் அதன்மீது நின்றே மருத்துவரின் இழப்பீட்டுப் பொறுப்பை விவாதித்தார்கள். ஹிஜ்ரி ஆறாம் நூற்றாண்டில் முஹ்தஸிப்களுக்காகக் கையேடு எழுதிய அஷ்ஷைஸரீ, இதற்கு ஒரு நடைமுறையையே வகுத்தார். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர் நோயின் குறிகளையும் தாம் எழுதிய மருந்தையும் ஒரு தாளில் குறித்து, உடனிருப்போர் சாட்சியாக, குடும்பத்தாரிடம் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். மறுநாளும் அடுத்த நாளும் அப்படியே. நோயாளி குணமானால் மருத்துவருக்குக் கூலி. இறந்துபோனால் குடும்பத்தார் அந்தத் தாள்களைத் தலைமை மருத்துவரிடம் கொண்டுபோகலாம். மருத்துவம் முறைப்படி நடந்திருந்தால், ஆயுள் முடிந்தது என்று அவர் தேற்றி அனுப்புவார். அலட்சியம் தெரிந்தால், அந்த மருத்துவரிடம் தியத் எனும் உயிரீட்டுத் தொகையைப் பெற்றுக்கொள்ளுங்கள் என்பார். ஊருக்கு ஒரு தலைமை மருத்துவரை வைத்துப் பிறரைச் சோதிக்கும் வழக்கத்துக்கு அஷ்ஷைஸரீ கிரேக்க அரசர்களையே முன்மாதிரியாகக் காட்டுகிறார். நல்லதை எங்கிருந்து பெற்றோம் என்று சொல்வதில் அன்றையவர்களுக்குக் கூச்சம் இருக்கவில்லை. கையேட்டில் உள்ளதெல்லாம் தெருவில் நடந்தது என்று கொள்ள முடியாதுதான். ஆயினும் நோயாளியின் வீட்டாரின் கையில் ஒரு தாள் இருக்க வேண்டும் என்று ஒருவர் நினைத்தாரே, அது சிறிய செய்தியல்ல.

மருத்துவமனைகளுக்குள் எப்படி? ஹிஜ்ரி 580இல் (கி.பி. 1184) திமிஷ்கு நகருக்கு வந்த இப்னு ஜுபைர், அங்கே நோயாளிகளின் பெயர்களையும் அவர்களின் மருந்துக்கும் உணவுக்கும் வேண்டிய செலவையும் பதிவேடுகளில் எழுதி வைத்திருந்த பணியாளர்களைக் கண்டதாகக் குறிப்பிடுகிறார். மருத்துவர்கள் அதிகாலையிலேயே வந்து நோயாளிகளைப் பார்ப்பார்கள். அதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு முன், எகிப்தில் அஹ்மத் இப்னு தூலூன் கட்டிய மருத்துவமனையில் வேறொரு அளவுகோல் இருந்தது. உள்ளே வரும் நோயாளியின் உடையும் பணமும் வாங்கிப் பத்திரப்படுத்தப்படும்; மருத்துவமனை உடை தரப்படும். அவர் ஒரு கோழியையும் ஒரு ரொட்டியையும் உண்ணக்கூடிய நிலைக்கு வந்துவிட்டால் குணமடைந்தார் என்று பொருள். உடைமைகளைத் திருப்பித் தந்து வீட்டுக்கு அனுப்புவார்கள்.

மருத்துவத் தரத்தை அளப்பது பற்றிய இன்றைய ஆய்வுகளுக்கு அடித்தளமிட்டவர் அவெதிஸ் டொனபேடியன். பெய்ரூத்தில் பிறந்த ஆர்மீனியர். 1966இல் வெளியிட்ட கட்டுரையில் மூன்றைப் பார்க்கச் சொன்னார்: என்ன வசதிகள் உள்ளன, சிகிச்சை எப்படித் தரப்படுகிறது, முடிவில் நோயாளி என்ன ஆனார். சினானின் சோதனை முதலாவதைச் சேர்ந்தது. இப்னு ஜுபைர் கண்ட பதிவேடு இரண்டாவதை. அந்தக் கோழியும் ரொட்டியும் மூன்றாவதை. இப்படி ஒப்பிடுவதால் டொனபேடியனை அவர்களே முந்திவிட்டார்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கேள்விகள் பழையவை என்கிறோம், அவ்வளவுதான்.

இப்னு தூலூன் வெள்ளிதோறும் தாமே மருத்துவமனைக்குச் சென்று மருந்துக் கிடங்கையும் மருத்துவர்களையும் நோயாளிகளையும் பார்வையிடுவாராம். ஒருநாள் மனநோயாளி ஒருவர் மாதுளம்பழம் வேண்டும் என்று கேட்டார். வரவழைத்துக் கொடுத்தார் அமீர். கொடுத்த பழத்தை அவர் அமீரின் மார்பின்மீதே வீசி எறிந்தார். அன்றோடு வெள்ளிக்கிழமைப் பார்வை நின்றுபோனதாக மக்ரீஸீ எழுதுகிறார். தலைவர் ஒருவரின் ஆர்வத்தை மட்டும் நம்பியிருக்கும் கண்காணிப்பு ஒரு மாதுளம்பழத்தோடு முடிந்துபோகக்கூடியது.

அப்படியானால் எண்களை நம்பலாமா? இங்கிலாந்தில் அவசரப் பிரிவுக்கு வருவோரை நான்கு மணி நேரத்துக்குள் கவனித்து முடிக்க வேண்டும் என்ற இலக்கு வைத்தபோது, சில இடங்களில் நோயாளிகளை ஆம்புலன்ஸிலேயே வாசலில் காக்க வைத்ததாகப் புகார்கள் எழுந்தன. உள்ளே வந்தால்தானே கடிகாரம் ஓடத் தொடங்கும்! அதே நாட்டில் ஸ்டாஃபர்ட் மருத்துவமனையில் நடந்த அவலங்களை விசாரித்த ஃபிரான்சிஸ் அறிக்கை 2013இல் வெளிவந்தது. நிர்வாகக் குழு இலக்குகளிலும் நிதிநிலையிலும் மூழ்கியிருந்தது; நோயாளிகளும் குடும்பத்தாரும் சொன்ன முறையீடுகளுக்குச் செவி சாய்க்கவில்லை என்பது அதன் முடிவுகளில் ஒன்று.

இங்கேதான் மீண்டும் சினானிடம் வருகிறோம், அந்தச் சோதனைக்காக அல்ல. பாக்தாதின் முஹர்ரிம் பகுதியில் பத்ர் அல்முஃததிதீ பெயரில் ஒரு மருத்துவமனை இருந்தது. கலீஃபா அல்முதவக்கிலின் அன்னை விட்டுச்சென்ற வக்ஃபின் வருமானத்தில் ஒரு பங்கு பனூ ஹாஷிம் குடும்பத்தாருக்கும் ஒரு பங்கு மருத்துவமனைக்கும் போக வேண்டும். வக்ஃபைக் கையில் வைத்திருந்தவர் அபுஸ்ஸக்ர் என்பவர். செல்வாக்குள்ள குடும்பத்தாரின் பங்கு காலத்தில் போய்ச் சேர்ந்தது. மருத்துவமனையின் பங்கு தாமதமானது, சுருங்கியது. கணப்புக்குக் கரி போதவில்லை, உணவு போதவில்லை, போர்வை போதவில்லை. சினான் இதை அமைச்சர் அலீ இப்னு ஈஸாவுக்கு எழுதி முறையிட்டார்.

அந்த மனுவின் முதுகிலேயே அமைச்சர் அபுஸ்ஸக்ருக்குப் பதில் எழுதி அனுப்பினார். சினானின் மகன் ஸாபித் அதன் நகலைப் பாதுகாத்ததால் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. புகார் மிகக் கடுமையானது என்று தொடங்குகிறார். மருத்துவமனையில் தஞ்சம் புகுந்தோர் பலவீனர்கள். எனவே மற்றவர்களைவிட அவர்களுக்கே உரிமை அதிகம் என்கிறார். குளிர் கடுமையாகிவிட்ட இந்த நேரத்தில் பணம் குறைந்ததற்குக் காரணம் என்ன என்று கேட்கிறார். எந்த வழியிலாவது பணத்தை விரைந்து கொடுத்து, நோயாளிகளும் மனநோயாளிகளும் போர்வையாலும் கரியாலும் குளிர்காய வழிசெய்ய வேண்டும் என்கிறார். கடைசியில், உமது நியாயத்தைக் காட்டும் கணக்கு விவரத்தை எனக்கு அனுப்பும் என்று முடிக்கிறார்.

நம் ஊர்களில் வக்ஃபுச் சொத்துகள் உள்ளன. ஜமாஅத்துகள் நடத்தும் இலவச மருந்தகங்களும் ஆம்புலன்ஸ்களும் உள்ளன. ஆண்டு முடிவில் பள்ளிவாசல் பலகையில் வரவு செலவு ஒட்டப்படும். வரவும் செலவும் சமமாக இருந்தால் நாம் திருப்தியோடு நகர்ந்துவிடுகிறோம். அபுஸ்ஸக்ரின் ஏட்டிலும் கூட்டல் கழித்தல் சரியாகவே இருந்திருக்கலாம். அமைச்சர் கேட்டது கூட்டுத்தொகையை அல்ல. யாருடைய பங்கு காலத்தில் போனது, யாருடையது நின்றது, குளிரில் யார் கிடக்கிறார் என்பதையே கேட்டார். முத்தவல்லியிடம் இப்படிக் கேட்பதை அவமரியாதையாகக் கருதும் வழக்கம் நம்மிடையே எப்படியோ வேரூன்றிவிட்டது. அலீ இப்னு ஈஸாவோ அபுஸ்ஸக்ரை துஆவோடு விளித்து, மரியாதை குறையாமலேதான் கணக்குக் கேட்டார்.

அந்த நோயாளிகளுக்காக எழுத சினான் போன்ற ஒருவராவது இருந்தார். அதுவும் இல்லாதவர்களை அமைச்சர் தாமே நினைத்துப் பார்த்தார். நோய்கள் பரவிய ஓர் ஆண்டில் சினானுக்கு இன்னொரு கடிதம் எழுதினார். சிறையில் இருப்போர் பெருங்கூட்டம், இடமோ கொடியது, நோய் வராமல் இராது, மருத்துவரைத் தேடிப்போகவும் அவர்களால் இயலாது. ஆகவே மருத்துவர்கள் தினமும் சிறைகளுக்குள் சென்று வர வேண்டும், மருந்துகளையும் பானங்களையும் கூடவே கொண்டுபோக வேண்டும், ஒரு சிறையும் விடுபடக் கூடாது என்று பணித்தார். சினான் அவ்வாறே செய்தார்.