மருள் என்னும் சொல்

'மருண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்னும் பழமொழியை அறியாதார் நம்மில் இலர். இருள், மருள் என்னும் இரண்டும் அதிலே ஒருங்கே வருகின்றன. இருள் வெளியே கிடப்பது. மருளோ காண்பவன் கண்ணில் உள்ளது. ஆயினும் பாட உரைகளில் மருள் வருமிடமெல்லாம் 'அறியாமை' என்று எழுதி அப்பாற் செல்வதே நம் வழக்கமாயிற்று. அச்சொல்லின் வரலாறு அத்துணைக் குறுகியதன்று.

திருக்குறளின் 123ஆம் அதிகாரமாகிய 'பொழுதுகண்டு இரங்கல்' என்பதிலே, கணவனைப் பிரிந்த தலைவி மாலைப்பொழுதை 'மருள்மாலை' என விளிக்கின்றாள். மாலைக்கு அறியாமை ஏது? பகலும் இரவும் தம்முள் விரவுதலையே அங்கு மயக்கம் என்று பரிமேலழகர் விளக்குவர். முற்றிய இருளும் அன்று, தெளிந்த ஒளியும் அன்று; இன்னதெனத் துணிய இயலாத கலப்பே மருள். அக்கலப்பு மாலையோடு நில்லாமல் மனத்திலும் ஏறிவிடுகிறது. தன் மதி மருளும் அவ்வேளையில் ஊர் முழுவதுமே மருண்டு துன்புறும் என்று அவளே அவ்வதிகாரத்திற் பின்னும் கூறுகின்றாள்.

இக்கலப்புப் பொருள் யாப்பிலக்கணத்தில் இன்னும் தெளிவாக விளங்கும். வெண்பாவாகத் தொடங்கி ஆசிரியப்பாவாக முடியும் செய்யுளுக்கு மருட்பா என்று பெயர். 'அறியாமைப் பாட்டு' என்று அதற்கு எவரும் பொருள் கூறார். தெய்வம் காக்க என வாழ்த்துவதற்கும், பெரியோர் அறிவுரை பகர்வதற்கும் அன்றோ அப்பாவினை வகுத்தனர்!

இவை எல்லாவற்றினும் என் உள்ளத்தைக் கவர்ந்தது மருட்கை. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல் என எட்டு மெய்ப்பாடுகளை எண்ணுமிடத்து, நான்காவதாக மருட்கையை வைக்கின்றார். வியப்பு என்பதே அதன் பொருள் என்பர் பேராசிரியர். புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் ஆகிய நான்கும் அது பிறக்கும் களங்கள். ஆக்கம் என்பது ஒன்று மற்றொன்றாய் மாறுதல். சிறுமையையும் சேர்த்தார் பாருங்கள்! மலையைக் கண்டு மலைப்பவன் சிற்றெறும்பின் காலைக் கண்டும் மலைக்கலாம். அந்நேரம் அறிவு தன் தொழிலைச் சற்றே நிறுத்தி நிற்கின்றது. அந்த நிலையைக் குற்றம் என்று தொல்காப்பியர் கருதவில்லை.

குற்றமாகியது எங்ஙனம்? திருக்குறளிலேயே மெய்யுணர்தல் அதிகாரம், பொருளல்லாதவற்றைப் பொருளென்று உணரும் மருளைப் பிறப்பின் காரணமாகக் காட்டுகிறது. அதற்கு உரை செய்த பரிமேலழகர் மருளையும் அவிச்சையையும் ஒருபொருட் சொற்களாக்கினார். ஆயினும் அவர் காட்டும் உவமையை நோக்குக: இப்பியை வெள்ளி என்று துணிதல். கும்மிருட்டில் இப்பியே தெரியாது; நண்பகலில் அது வெள்ளியாகத் தோன்றாது. அரைவெளிச்சம் வேண்டும். உரையாசிரியர் கையிலும் பழைய மாலைப்பொழுது முற்றாக மறைந்துவிடவில்லை.

சைவ மரபு இச்சொல்லை மேலும் இறுக்கியது. திருவாமூரிலே புகழனார்க்கும் மாதினியார்க்கும் பிறந்த அப்பர் சுவாமிகளின் பிள்ளைப்பெயர் மருள்நீக்கியார். பின்னர் அவர் சமணஞ் சார்ந்து தருமசேனராகித் திரும்பியதை, 12ஆம் நூற்றாண்டிற் பெரியபுராணம் பாடிய சேக்கிழார் மருள் நீங்கிய கதையாகவே கண்டார். பெயரிட்ட நாளிலே பெற்றோர் எதனை எண்ணினரோ! 14ஆம் நூற்றாண்டின் உமாபதி சிவாசாரியார் திருவருட்பயனில் இருள்மலநிலையை அடுத்து அருளது நிலையை வைத்தார். இருள், அருள், தெருள் என எதுகை இனிதாய் அமையவே, மருளும் இருளின் பக்கத்துக்கு இழுக்கப்பட்டுவிட்டது. எதுகை தமிழுக்கு அழகு தந்ததுண்டு. இச்சொல்லுக்கு மட்டும் இடர் செய்தது என்பேன்.

பேச்சு வழக்கிலோ அது வேறு வழியிற் சென்றது. மாடு மிரள்கிறது என்கிறோமே, அந்த மிரளுதல் மருளுதலின் திரிபே. தெய்வம் ஏறி ஆடுவோனைத் தமிழகத்தில் மருளாளி என்பர். மான்விழி மருளுகின்றது என்னும்போது அச்சமும் அழகும் கலந்தே நிற்கின்றன.

ஒருமுறை மாணவன் ஒருவன் பரீட்சையில், மருட்கை என்பது அறியாமை, அதனைத் தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக எண்ணினார் என்று எழுதியிருந்தான். புள்ளியைக் குறைத்தேன். அன்று மாலை வீடு திரும்பும் வழியில், முந்திய தவணையில் மருளுக்கு அறியாமை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டவன் யானே என்பது நினைவுக்கு வந்தது. மறுநாள் அவனை அழைத்து அப்புள்ளியைத் திருப்பிக் கொடுத்தேன்.