அக்கரையில் வாசிப்பு நாள்

ஜூன் 19. இந்தியாவில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்புகிறவர்களுக்கு இந்தத் தேதி இப்போது பழகிவிட்டது. வாசிப்பு நாள். அட்டையில் புத்தக உருவம் வெட்டித் தலையில் மாட்டிக்கொண்டு, மைக்குக்கு எட்டாமல் எக்கி நின்று, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைகள் ஒரு கதையை எழுத்துக்கூட்டி வாசிப்பார்கள். கைதட்டல். போட்டோ. உடனே வாட்ஸ்அப். 'வாசிக்கிறதுக்கெல்லாம் ஒரு திருவிழாவா?' என்று சிரிக்கிறவர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. நாலு பேர் முன்னால் முதல்முறை வாசிப்பது ஒரு குழந்தைக்குச் சின்ன விஷயம் இல்லைங்க.

ஆனால் எங்கள் ஊர் பாம்பூஃப்ளாட்டில் இந்த விழா நடப்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. வேடிக்கை என்பதைவிட முள் என்றே சொல்லலாம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் சரித்திரம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளவும் :-)

பாம்பூஃப்ளாட் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டு ஞாபகம் இருக்கிறதா? அதன் பின்பக்கத்துத் தென்னை மரங்களும் கடலும் மவுண்ட் ஹாரியட் மலையிலிருந்து தெரிகிற காட்சி. அந்த மலைக்குப் போகிற வழி எங்கள் ஊர் வழிதான். 1872 பிப்ரவரி 8ஆம் தேதி அந்த மலையில் சூரியன் மறைவதைப் பார்த்துவிட்டு இறங்கிய வைசிராய் மேயோ பிரபுவை ஷேர் அலி என்ற கைதி குத்திக் கொன்ற ஹோப்டவுன் துறையும் பக்கத்தில்தான். மலையின் பெயர் 2021இல் மவுண்ட் மணிப்பூர் ஆயிற்று. எதிர்க்கரைப் போர்ட் பிளேர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் ஆயிற்று. எனக்கு நாக்கு இன்னும் திரும்பவில்லை, பழைய பெயரிலேயே எழுதுகிறேன். சாத்தம் துறையில் படகு ஏறினால் கால் மணி நேரத்தில் எங்கள் கரை. ரோட்டில் சுற்றி வந்தால் நாற்பது கிலோமீட்டருக்கு மேல். அதனால் போர்ட் பிளேர்க்காரர்களுக்கு நாங்கள் எப்போதும் 'அக்கரை'.

சரி, ஜூன் 19க்கு வருவோம். இது பி.என். பணிக்கர் இறந்த நாள். கேரளத்தின் நீலம்பேரூரில் பிறந்த பள்ளி ஆசிரியர் அவர். 1926இல் சொந்த ஊரில் ஒரு சின்ன நூலகம் தொடங்கினார். 1945இல் திருவிதாங்கூரின் 47 கிராம நூலகங்களைக் கூட்டி ஒரு சங்கமாக்கினார். அதன்பிறகு அந்த மனிதர் நடந்த நடை இருக்கிறதே! ஊர் ஊராகப் போய் 'வாசித்து வளர்' என்று சொல்லிச் சொல்லியே நூலகங்களை எழுப்பினார். அவருடைய சாமர்த்தியம் புத்தகம் சேர்த்ததில் மட்டும் இல்லை. டீக்கடைக்கும் வயலுக்கும் பக்கத்தில், வேலை முடித்து வருகிறவன் கால் கழுவாமல் நுழையக்கூடிய இடத்தில், அவனுக்குத் தெரிந்த மொழியில் வாசிப்பைக் கொண்டுபோய் வைத்தார்கள். 1995இல் அவர் காலமானார். அடுத்த ஆண்டிலிருந்து கேரளம் அந்த நாளை வாசிப்பு நாளாகக் கொண்டாடுகிறது. 2017இல் அது தேசிய அளவுக்குப் போனது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கும் வந்தது. அந்தமான் பள்ளிகள் சி.பி.எஸ்.இ.யில் சேர்ந்தவை. ஆக, எங்கள் அக்கரைக்கும் படகேறி வந்து சேர்ந்தது.

முள் இங்கேதான். பாம்பூஃப்ளாட் பாதி மலையாள ஊர். 1921 மலபார் கலகத்துக்குப் பிறகு தண்டனை பெற்ற மாப்பிள்ளைமார்களைக் கப்பலேற்றி அந்தமானுக்குக் கொண்டுவந்தார்கள். இத்தனைக்கும் 1919-20 சிறைக் கமிட்டி, நாடு கடத்துவதை நிறுத்தலாம் என்று அப்போதுதான் சொல்லியிருந்தது. நிறுத்தப் போகிறோம் என்று சொல்லிக்கொண்டே கொண்டுவந்து இறக்கினார்கள். அவர்களின் குடும்பங்களும் பின்னால் வந்து சேர்ந்தன. தெற்கு அந்தமானில் மலப்புரம், மஞ்சேரி, திரூர், காலிகட், வண்டூர் என்றெல்லாம் ஊர்கள் இருப்பது அதனால்தான். எங்கள் ஊரிலும் பக்கத்து ஸ்டூவர்ட்கஞ்ச், விம்பர்லிகஞ்ச் பக்கங்களிலும் அந்த வம்சம் இன்றும் இருக்கிறது. மலையாள நாட்டில், மலையாளப் புத்தகங்களுக்காகப் பிறந்த ஒரு கொண்டாட்டம், நூறு வருஷமாகக் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கும் மலையாளப் பிள்ளைகளைத் தேடி வருகிறது. பிள்ளை மைக்கில் வாசிப்பது இந்தி, இல்லாவிட்டால் இங்கிலீஷ். முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற உம்மும்மா எழுத்தறிந்தவரா இல்லையா என்பது இருக்கட்டும், பேத்தி மேடையில் வாசிக்கிற கதையைத் தன் மொழியில் கேட்க அவருக்கு வழியில்லை.

தமிழ்ப் பாட்டிமார் நிலைமையும் அதேதான். தனியாகச் சொல்லவேண்டியதில்லை.

இது யாரோ சதி செய்து வந்ததில்லை. 1858 மார்ச் 10ஆம் தேதி டாக்டர் வாக்கர் இருநூறு கைதிகளோடு வந்து இறங்கிய நாளிலிருந்தே இந்தத் தீவின் பிரச்சினை இது. பஞ்சாபி, வங்காளி, தெலுங்கர், தமிழர், பர்மியர் எல்லாரையும் ஒரே வரிசையில் நிற்க வைத்தால் உத்தரவு எந்த மொழியில் போடுவது? இந்துஸ்தானியில் போட்டார்கள். கைதிகள் தங்களுக்குள் பேசிக்கொண்டதும் அதே, உடைந்து நொறுங்கிய இந்துஸ்தானி. கைதிகளின் பிள்ளைகளுக்கு, 'லோக்கல் பார்ன்' என்று சொல்வார்களே அவர்களுக்கு, பள்ளிக்கூடம் வந்தபோது அங்கே உருது உட்கார்ந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அந்த நாற்காலியில் இந்தி உட்கார்ந்தது. அதாவது அந்தமானில் பள்ளிக்கூட மொழியின் தாய் வீடு வகுப்பறை இல்லை, கைதிகளை எண்ணி நிறுத்திய மைதானம்.

அந்த இந்தி எங்களுக்குக் கொடுத்ததையும் சொல்லிவிட வேண்டும். அது இல்லாவிட்டால் மாப்பிள்ளை வீட்டுப் பையனோடும் ராஞ்சி வீட்டுப் பையனோடும் நான் கோலி ஆடியிருக்க முடியாது. சாதி கேட்காத மொழி அது, எங்கள் தெருவில். தமிழ்நாட்டிலிருந்து வருகிற நண்பர்கள் இதைக் கேட்டு முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை.

இந்தக் கதையில் ஒரு ஆள் மட்டும் வேறு மாதிரி யோசித்தார். டாக்டர் திவான் சிங். பஞ்சாபிக் கவிஞர், அரசு மருத்துவர். 1927இல் போர்ட் பிளேருக்கு மாற்றலாகி வந்தார். அங்கே ஒரு குருத்துவாரா எழும்பப் பாடுபட்டார். அதைக் கும்பிடுகிற இடமாக மட்டும் வைத்துக்கொள்ளவில்லை, பிள்ளைகள் படிக்கிற இடமாக்கினார். பஞ்சாபி மட்டுமில்லாமல் தென்னாட்டு மொழிகளும் அங்கே கற்பிக்கப்பட்டன. யோசித்துப் பாருங்கள், ஒரு சீக்கியக் கோயிலில் உட்கார்ந்து தென்னிந்தியப் பிள்ளைகள் தங்கள் எழுத்தைப் படித்திருக்கிறார்கள். அரசாங்கப் பள்ளி ஒரே மொழியில் எல்லோரையும் அடைத்துக்கொண்டிருந்த காலத்தில், 'உன் வீட்டில் என்ன பேசுகிறார்கள்?' என்று ஒருவர் முதலில் கேட்டிருக்கிறார். 1942 மார்ச்சில் ஜப்பானியர் வந்தார்கள். அவரைப் பிடித்துச் செல்லுலார் சிறையில் வைத்து மாதக் கணக்கில் சித்திரவதை செய்தார்கள். 1944 ஜனவரி 14ஆம் தேதி இறந்துபோனார். நாம் பொங்கல் வைக்கிற நாள். பஞ்சாபில் அவர் பெயர் திவான் சிங் காலேபானி. தமிழில் அவரைப் பற்றி இன்னும் நிறைய எழுதலாம், யாராவது எழுதுங்கள்.

சுதந்திரத்துக்குப் பிறகு தீவு இன்னும் கலவையானது. 1949 முதல் கிழக்கு வங்காள அகதிகள். சோட்டா நாக்பூரிலிருந்து காட்டு வேலைக்கு வந்தவர்கள். தமிழ், தெலுங்குக் கூலிகள், அரசு ஊழியர்கள். சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கையிலிருந்து திருப்பப்பட்ட தமிழர்களில் சில குடும்பங்கள் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்துக்குப் போயின. எங்கள் அப்பாவும் ஒரு காண்ட்ராக்ட் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர்தான். 2011 கணக்கெடுப்பில் தீவுகளின் ஜனத்தொகை 3,80,581. நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தமிழ் தாய்மொழி, ஏழு பேருக்கு மலையாளம். தமிழ்வழிப் பள்ளிகளும் உண்டு, வங்காள வழி, தெலுங்கு வழியும் உண்டு. எல்லா ஊரிலும் இல்லை. இருக்கிற இடத்திலும் இங்கிலீஷ் மீடியம் இருந்தால் அப்பா அம்மா அங்கேதான் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை, நான் வெள்ளைக்காரன் ஊரில் இங்கிலீஷில் சம்பாதிக்கிறேன்.

2020 தேசியக் கல்விக் கொள்கை, முடிந்தவரை ஐந்தாம் வகுப்பு வரைக்குமாவது வீட்டு மொழியில் சொல்லிக்கொடுங்கள் என்கிறது. 2021இல் வந்த நிபுண் பாரத் திட்டம், 2026-27க்குள் மூன்றாம் வகுப்பு முடிக்கிற ஒவ்வொரு பிள்ளையும் புரிந்து வாசிக்க வேண்டும் என்கிறது. நல்ல வார்த்தைகள். பாம்பூஃப்ளாட் ஒண்ணாங்கிளாசில் இருபது பிள்ளைகள் இருந்தால் வீட்டு மொழி நாலைந்து இருக்கும். டீச்சர் ஒருத்தர். அவர் எந்த வீட்டைத் தேர்ந்தெடுப்பார் பாவம்?

எனக்குத் தமிழ் எழுத்து பள்ளிக்கூடத்தில் வரவில்லை. அம்மா தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பி, என் விரலைப் பிடித்து 'அ' போட்டார். எழுதுவது, தட்டை ஒரு குலுக்கு, மறுபடி எழுதுவது. அம்மாவுக்கு இதை யாரும் கல்வி முறை என்று சொல்லித்தரவில்லை. அவர் அம்மா செய்தார், இவர் செய்தார். அதற்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது என்று நான் தெரிந்துகொண்டது ஸ்காட்லாந்துக்கு வந்த பிறகுதான்.

நான் இருக்கும் எடின்பரோவிலிருந்து இரண்டு மணி நேரப் பயணத்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தின் பெயர் மெட்ராஸ் காலேஜ். முதல் தடவை போர்டைப் பார்த்து ஏதோ நம்ம ஊர் ஓட்டல் என்று நினைத்தேன், ஹி ஹி. ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் விட்டுப்போன பணத்தில் 1833இல் தொடங்கியது. இந்த பெல் 1789இல் சென்னை எழும்பூரில் சிப்பாய்களின் அநாதைப் பையன்களுக்கான ஆசிரமப் பள்ளியைப் பார்த்துக்கொள்ள வந்தார். ஒரு நாள் குதிரையில் போகும்போது ஒரு திண்ணைப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் அப்படிச் செய்யச் சொன்னார். அவருடைய வாத்தியார்கள் மாட்டேன் என்று முறுக்கிக்கொண்டார்கள். உடனே ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனைக் கூப்பிட்டு, 'நீ சொல்லிக்கொடு' என்று விட்டுவிட்டார். அது பலித்தது. நம் சட்டாம்பிள்ளைதான், வேறொன்றும் இல்லை. 1796இல் ஊர் திரும்பி 1797இல் லண்டனில் ஒரு புத்தகம் போட்டார். 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகள் எங்கும் பரவியது.

இந்த வருஷக் கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். ஆர்ச்சிபால்ட் பிளேர் எங்கள் ஊருக்கு நேர் எதிரே இருக்கிற சாத்தம் தீவில் முதல் குடியிருப்பைப் போட்டதும் 1789. பிறகு அதை வடக்கே மாற்றி, காய்ச்சலில் ஆட்கள் செத்து, மொத்தமாக மூடிவிட்டுப் போனதும் 1796. எழும்பூரில் மணல் பரப்பியிருந்த அதே ஏழு வருஷம்.

பெல் எடுத்துக்கொண்டது மணலையும் சட்டாம்பிள்ளையையும். எடுக்காமல் விட்டது ஒன்று, மானம்பூ. நவராத்திரி சமயத்தில் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் கையில் கோலோடு, வாத்தியார் பின்னால் வர, பாட்டுப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவார்கள். வீட்டுக்காரர்கள் காசோ நெல்லோ வாத்தியாருக்குக் கொடுப்பார்கள். பிள்ளை என்ன படித்தான் என்பது வாசலிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் பாடுவது கேட்கிறவர்களின் மொழி. கிட்டத்தட்ட அந்தக் காலத்து வாசிப்பு விழா. உடனே ஆஹா ஓஹோ என்று போய்விட வேண்டாம். 1822இல் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் மதராஸ் ராஜதானியில் 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள். அதில் பெண்கள் வெறும் 4,540. எந்தத் தெருப் பிள்ளைகள் அந்த ஊர்வலத்தில் இல்லை என்பதை நான் எழுதித்தான் தெரியவேண்டும் என்றில்லை. எங்கள் ஊர் வாசிப்பு நாளில் எல்லாத் தெருப் பிள்ளையும் மேடை ஏறுகிறது. அது அந்தக் கோலாட்டத்தைவிட உசத்தி. வாசலில் நிற்கிறவருக்குப் புரிவது மட்டும் இதில் இல்லை.

அக்கா பிள்ளை இப்போது அங்கே இரண்டாம் வகுப்பு. போன தடவை போனில் பேசும்போது அக்காவிடம் மானம்பூ கதையைச் சொன்னேன். அடுத்த வாசிப்பு நாளுக்கு வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரும் ஒரு கதையைத் தங்கள் மொழியிலேயே சொல்லட்டும், பிள்ளை அதை இந்தியில் எழுதி வாசிக்கட்டும், பெரியவர்கள் பக்கத்திலேயே நிற்கட்டும் என்று அக்கா போய்ப் பள்ளியில் கேட்டிருக்கிறாள். டீச்சருக்குச் சந்தோஷம்தானாம். ஒரே ஒரு சந்தேகம் கேட்டாராம்: ஜூன் மழையில் இத்தனை பாட்டிமாரையும் எங்கே உட்கார வைப்பது?